பெங்களூர் வீட்டுத் தோட்டத்தில் பந்தல், பாத்தி, தொட்டி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிங்கராஜபுரத்தில் அப்பா வாங்கிப் போட்ட மனையில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டடி அகலத்தில் ஒரு துண்டு நிலம். பத்து வருடமாக அதில் பந்தல், பாத்தி, தொட்டி, சின்ன மண் திண்ணை என்று ஒவ்வொன்றாகக் கட்டி வருகிறேன். சிலது நின்றது, சிலது விழுந்தது. அக்கம்பக்கத்தாரும், அல்சூர் தமிழ்ச் சங்கத்தில் பழக்கமானவர்களும், தம்பியின் அபார்ட்மெண்ட்காரர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

"அக்கா, சுற்றுச்சூழலுக்கு உகந்த கட்டுமானம்னா மூங்கில்ல கட்டணும், அவ்வளவுதானே?"

இல்லை. அசாமிலிருந்து லாரியில் வந்த மூங்கிலை வாங்கி, பதப்படுத்தாமல் நட்டு, ஒன்றரை வருடத்தில் குப்பையில் போட்டால் அதில் என்ன நன்மை? நான் மூன்று விஷயம் பார்ப்பேன். பொருள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது, எத்தனை வருடம் நிற்கும், பிரித்த பிறகு மண்ணில் மக்குமா அல்லது இன்னொரு இடத்தில் திரும்ப உதவுமா.

இப்படிப் பார்த்தால் பெங்களூரில் முதல் இடம் கருங்கல்லுக்கு. ஊரே பாறைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது, லால்பாக் பாறையே சாட்சி. அடுத்தது இங்கத்திய செம்மண். அப்புறம் இடிக்கிற பழைய வீடுகளிலிருந்து கிடைக்கும் ஓடு, கதவு, ஜன்னல், செங்கல். மூங்கில் அதற்குப் பிறகுதான்.

"எங்க வீட்ல மொத்தமே பத்தடிக்கு எட்டடி. எதை முதல்ல கட்டறது?"

பந்தல். சந்தேகமே வேண்டாம். நான்கு கால், மேலே குறுக்கும் நெடுக்கும் கம்புகள். கீழே நிழல், மேலே காய். ஆடிப்பட்டத்தில் அவரையை ஊன்றினால் மார்கழிக் குளிரில் பூவும் பிஞ்சுமாகத் தொங்கும். இந்த ஊரில் டிசம்பர், ஜனவரியில் தெருவெல்லாம் அவரைக்காய் வாசனைதான். அதை வீட்டிலேயே பறிப்பது தனிச் சந்தோஷம். பிளாஸ்டிக் நிழல்வலை மூன்று நான்கு வருடத்தில் நைந்து நார் நாராகி மண்ணில் கலந்துவிடும். கொடி தரும் நிழலில் அந்தத் தொல்லை கிடையாது.

"மூங்கில் எத்தனை வருஷம் தாங்கும்? கடைக்காரர் இருபது வருஷம்கிறாரே?"

மூன்று விஷயத்தைப் பொறுத்தது: வயது, வெட்டிய காலம், பதப்படுத்திய விதம். மூன்று நான்கு வயதான, மழைக்காலம் முடிந்து வெட்டிய கழிதான் நல்லது. இளங்கழியிலும் மழைக்காலத்தில் வெட்டியதிலும் மாவுச்சத்து அதிகம், பூச்சி அதைத் தேடித்தான் வரும். வகை கேட்டால், உள்ளே கிட்டத்தட்டக் கெட்டியாக இருக்கும் கல்மூங்கிலைக் கேளுங்கள். பந்தல் காலுக்கு அதுதான். பதப்படுத்தாமல் மண்ணில் நட்டது ஒன்றிரண்டு வருடம் நிற்கும். பதப்படுத்தி, மண் படாமல், கூரைக்கடியில் இருப்பது பத்து வருடத்துக்கு மேல் போகும். கடைக்காரர் சொல்கிற இருபது வருடம் இந்த இரண்டாவது வகைக்குத்தான்.

"பந்தல் போட்டு மூணு மாசம்தான் ஆச்சு. காலைல பார்த்தா இலையெல்லாம் மஞ்சளா மாவு கொட்டியிருக்கு. என்ன அது?"

எனக்கும் முதல் பந்தலில் இதே கதை. கத்தரி இலைமேல் ரவையைவிட மெல்லிய, மைதா போன்ற பொடி. துடைத்தால் மறுநாள் திரும்ப இருக்கும். கழியை உற்றுப் பார்த்தால் குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள். மூங்கிலுக்குள் வண்டு தின்று தள்ளுகிற தூள் அது. இந்த நிலை வந்துவிட்டால் மேலே எதைப் பூசியும் பெரிய பலனில்லை.

கட்டும் முன்பே செய்ய வேண்டியது இது. கணுக்களை நீளக் கம்பியால் உள்ளே குத்தித் துளைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் ஆசிட் கரைத்து, கழிகளை ஒரு வாரம் முதல் பத்து நாள் முழுக்க மூழ்கியிருக்கும்படி ஊற வையுங்கள். தொட்டிக்கு, தரையில் செங்கல் அடுக்கி மேலே தார்ப்பாய் விரித்தால் போதும். பிறகு நிழலில் காய வைக்க வேண்டும். மிச்சக் கரைசலைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள். போரான் கொஞ்சம் கூடினாலும் செடி கருகும். மூடி வைத்து அடுத்த முறைக்குப் பயன்படுத்துங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கலாம்.

இன்னொன்று. இந்த உப்பு தண்ணீரில் கரையும். விடாமல் மழையில் நனையும் இடத்தில் வருடங்கள் போகப் போக வெளியேறிவிடும். அதனால் பதப்படுத்தினாலும் காலை மண்ணில் புதைக்கக் கூடாது.

"அப்போ காலை எப்படி நிறுத்தறது? மண்ணுல நட்டா கரையான், நடலேன்னா காத்துல சாயுது!"

என் முதல் பந்தல் விழுந்தது மே மாதத்தில் ஒரு சாயங்காலம். கோடை மழைக்கு முன்னால் இங்கே எப்படிக் காற்று சுழற்றும் என்று உங்களுக்கே தெரியும். போய்ப் பார்த்தால் மேலே கழியெல்லாம் நன்றாக இருந்தது. நான்கு காலும் தரைமட்டத்தில், ஒரு விரற்கடை அளவு இடத்தில் மட்டும் மக்கி முறிந்திருந்தது. ஈரமும் காற்றும் சேரும் அந்த இடம்தான் எப்போதும் முதலில் போகும்.

இப்போது கல்லுக்கால் வைத்திருக்கிறேன். தேவனஹள்ளி, தொட்டபள்ளாபூர் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் கருங்கல் கம்பங்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தோட்டத்தை எடுத்துவிட்டு மனை போடும்போது பழைய கம்பங்கள் விலைக்கு வரும். நான்கு அடிக் கல்லில் இரண்டு அடியைப் புதைத்து, மேலே தெரியும் இரண்டு அடியோடு மூங்கிலைச் சேர்த்து இரண்டு இடத்தில் கட்டிவிட வேண்டும். மூங்கிலின் அடி தரையிலிருந்து அரை அடியாவது மேலே நிற்கட்டும். கரையான் கல் வழியாகவும் மண்கூடு கட்டி ஏறப் பார்க்கும், ஆனால் கண்ணில் படும். வாரம் ஒரு முறை கையால் தட்டிவிட்டால் போதும். மூங்கில் தளர்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். கல் அப்படியே இருக்கும்.

"மரத்துக்குப் பழைய இன்ஜின் ஆயில் பூசினா கரையான் வராதுன்னு மெக்கானிக் தம்பி சொல்றாரு. பூசலாமா?"

வேண்டவே வேண்டாம். ஓடிய ஆயிலில் கனஉலோகத் துகள்களும் எரிந்த கழிவும் இருக்கும். மழையில் வழிந்து கீரைப் பாத்திக்குத்தான் வரும்.

காய்ச்சாத பச்சை ஆளிவிதை எண்ணெய் நல்லது. சூடான நாளில், காய்ந்த மரத்தில், மெல்லிசாக இரண்டு மூன்று முறை. ஒரு எச்சரிக்கை: பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது தானே சூடாகும், குவியலாக இருந்தால் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப்போட்டு, முழுக்க விறைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள். முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் கரையானுக்கு இன்னும் வலுவானது, கடலோரத்தில் படகுக்கே பூசுவார்கள். ஆனால் தோலில் பட்டால் புண்ணாகும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

"பாத்திக்கு பீன்யாவுல பழைய பேலட் சல்லிசா கிடைக்குது. ரயில்வே ஸ்லீப்பர் கட்டையும் ஒருத்தர் தர்றேங்கறார். எதை வாங்கட்டும்?"

பேலட், அதாவது சரக்கு அடுக்கும் மரச்சட்டம், வாங்கலாம், முத்திரையைப் பார்த்து. ஏற்றுமதிப் பேலட்டில் சூடு போட்ட மாதிரி ஒரு குறி இருக்கும். 'ஹெச்.டி' என்றிருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளுங்கள். 'எம்.பி' என்றிருந்தால் மெதில் புரோமைடு விஷவாயுவில் வைத்தது, வேண்டாம். குறியே இல்லாமல் எண்ணெய்க் கறை, ரசாயன வாடை அடித்தாலும் வேண்டாம்.

ஸ்லீப்பர் கட்டையைக் காய்கறிப் பக்கம் கொண்டுவராதீர்கள். கிரியோசோட் என்ற தார் எண்ணெயில் ஊறவைத்தது அது. வெயிலில் இன்றைக்கும் கசியும், கையில் ஒட்டும்.

உண்மையைச் சொன்னால் பாத்திக்கு மரமே எனக்குப் பிடிக்காது. ஒரு பக்கம் ஈர மண், மறுபக்கம் வெயில். மரம் இரண்டு மூன்று வருடத்தில் வயிறு தள்ளிவிடும். சைஸ் கல்லை, அதாவது அளவாக உடைத்த கருங்கல்லை, ஒன்றின்மேல் ஒன்றாகக் கலவை இல்லாமல் அடுக்குங்கள். இடுக்கில் ஓணான் வந்து குடியிருக்கும், பூச்சியைப் பிடித்துத் தின்னும்.

"மண் செங்கல்னு சொல்றீங்களே, பெங்களூர் மழைக்குக் கரைஞ்சு ஓடிடாதா?"

சுடாத பச்சை மண்கல் கரையும். நான் சொல்வது அழுத்தி வார்த்த நிலைப்படுத்திய மண்கல். செம்மண்ணில் நூற்றுக்கு 5 முதல் 8 பங்கு சிமெண்ட் சேர்த்து, கையால் இயக்கும் இயந்திரத்தில் அழுத்தி எடுப்பது. இது நம்ம ஊர்ச் சமாச்சாரம். இங்கிருக்கும் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய ஆஸ்த்ரா என்ற கிராமப்புறத் தொழில்நுட்பப் பிரிவில் இதைப் பல வருடம் ஆராய்ந்து, இயந்திரமும் வடிவமைத்தார்கள். இந்தக் கல்லில் கட்டிய வீடுகள் நகரில் ஏராளம். சூளை கிடையாது, விறகு கிடையாது. வெயிலில் காய வைப்பதும் கிடையாது. நிழலில் அடுக்கி, ஈரச்சாக்கு போட்டு மூன்று நான்கு வாரம் தண்ணீர் தெளிக்க வேண்டும். அவசரப்பட்டால் கல் உதிரும்.

மண் சரிதானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் இறங்குவது மணல். அதன்மேல் அரை மணி நேரத்தில் படிவது வண்டல். மறுநாள் காலையில் உச்சியில் பாயசம் மாதிரி படிந்திருப்பது களி. மணல் மூன்றில் இரண்டு பங்கும், களி பத்தில் ஒன்றிலிருந்து ஒன்றரைப் பங்கும் இருந்தால் கல்லுக்குத் தோதான மண். நம் செம்மண்ணில் பெரும்பாலும் களி கூடுதலாக இருக்கும். கிரஷர் டஸ்ட், அதாவது ஜல்லி உடைக்கும்போது விழும் கல்பொடி, கலந்து சரி செய்யலாம். கரிசல் மண்ணில் இந்த வேலையே வேண்டாம், விரிந்து சுருங்கி வெடித்துவிடும்.

கட்டும்போது, அடியில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கருங்கல். மேலே கூரை சுவரைத் தாண்டி ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தரையில் விழுந்து தெறிக்கும் சாரல்தான் மண் சுவருக்கு எமன்.

"அப்ப சிமெண்டைத் தொடவே கூடாதா?"

தொடலாம், அளவோடு. உலகத்தின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7, 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது என்பதால், தேவையான இடத்தில் மட்டும். மேலே சொன்ன மண்கல்லிலேயே கொஞ்சம் சிமெண்ட் இருக்கிறது. தோட்டத்தில் சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையே நிறைய இடத்துக்குப் போதும். பின்னால் கல்லைப் பிரித்தெடுக்கும்போது கல் உடையாமல் வரும் என்பது இன்னொரு வசதி. என்னுடைய திருப்பத்தூர் மேஸ்திரிக்கு முதலில் நம்பிக்கையில்லை. திண்ணை கட்டி மூன்று மழைக்காலம் பார்த்தபிறகு, அவர் ஊர் வீட்டு மாட்டுத்தொட்டிக்கும் சுண்ணாம்பையே போட்டிருக்கிறார்.

"நடைபாதைக்கு டைல்ஸ் போடலாமா?"

வேண்டாம். மண்ணைத் தட்டி, இரண்டு அங்குலம் கிரஷர் டஸ்ட் பரப்பி, சப்படிக் கல் என்கிற தட்டையான பலகைக்கல் துண்டுகளை இடைவெளி விட்டுப் பதியுங்கள். மழைநீர் இடுக்கில் இறங்கிவிடும், பாசி வழுக்காது.

"மேல என்ன போடறது? ஓலையா, ஓடா, சிமெண்ட் ஷீட்டா?"

கொடிப் பந்தலுக்கு ஒன்றும் வேண்டாம். சாமான் வைக்கிற கொட்டகை என்றால் பழைய மங்களூர் ஓடு. பேசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிகள் 1865இல் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து பெங்களூரில் எத்தனையோ வீடுகள் அந்த ஓட்டில்தான் நின்றன. இன்று அவற்றை இடிக்கும்போது ஓடு மலிவாகக் கிடைக்கிறது. நூறு சதுர அடிக்குச் சுமார் 150 வாங்குங்கள், உடைசலுக்கும் சேர்த்து. ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் விரிசல். ஓட்டுக்கூரை கனமானது, மூங்கில் கால் மட்டும் போதாது. தென்னங்கீற்று அழகு, குளுமை, ஆனால் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்றணும். இங்கே கீற்று முடைபவர்கள் கிடைப்பதும் கஷ்டம்.

ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்ட் ஷீட் வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் உடைக்காமல், துளையிடாமல், தண்ணீர் தெளித்து முழுசாக இறக்கச் சொல்லுங்கள். அதன் தூசிதான் நுரையீரலில் போய் உட்கார்ந்து பல வருடம் கழித்துப் புற்றுநோய் தரும்.

"கொட்டகைக் கூரைத் தண்ணிய பிடிச்சா எவ்வளவு கிடைக்கும்? டிரம் வாங்கறது வீண் செலவுன்னு வீட்ல சொல்றாங்க."

கணக்கு போட்டுக் காட்டுங்கள். நூறு சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், சேதாரம் போக 75 லிட்டருக்குக் குறையாது. பெங்களூருக்கு வருடத்துக்குச் சுமார் 97 சென்டிமீட்டர். ஆக ஒரு சின்னக் கொட்டகையே வருடத்தில் ஏழாயிரம் லிட்டர் பிடித்துக் கொடுக்கும். காவிரித் தண்ணீர் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் குழாயில் மேடேறி நம் வீட்டுக்கு வருகிறது. அதைக் கத்தரிச் செடிக்கு ஊற்ற எனக்கு மனசு வருவதில்லை. 2024 மார்ச் பஞ்சத்தில் குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றே குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்த மாதம் என் பந்தல் பிழைத்தது மழைத் தொட்டியிலும், பாத்திரம் கழுவிய தண்ணீரிலும்தான்.

முதல் பத்து இருபது லிட்டரை வெளியே விட்டுவிடுங்கள், கூரைத் தூசியும் பறவை எச்சமும் அதில் போய்விடும். டிரம் வாய்க்குக் கொசுவலையை இறுக்கிக் கட்டுங்கள். சின்ன இடைவெளி இருந்தாலும் டெங்குக் கொசு முட்டையிடும். 500 லிட்டர் என்றால் அரை டன், மேடை சைஸ் கல்லில் இருக்கட்டும். நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள ஜெயநகரில் குடிநீர் வாரியத்தின் மழைநீர்ப் பூங்கா இருக்கிறது.

"டிரம் நிரம்பிட்டா? மிச்சத்தை ரோட்ல விட்றதா?"

மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் கசிவுக் கிணற்றுக்கு விடுங்கள். மூன்றடி அகலம், இருபதடி ஆழம், சிமெண்ட் உறை, அடி திறந்தபடி. கிணறு வெட்டுவதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட மண்ணு வட்டர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள், அவர்களையே கூப்பிடுங்கள். எந்த ஆழத்தில் எந்த மண் வரும் என்று பார்த்தவுடனே சொல்வார்கள். வீட்டு அஸ்திவாரத்திலிருந்தும் கழிவுத் தொட்டியிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும். சோப்புத் தண்ணீரை இதில் ஒருபோதும் விடாதீர்கள், அது நிலத்தடி நீருக்கே போகும்.

"துணி துவைச்ச தண்ணிய என்ன பண்றது அப்போ?"

ஆறடி நீளத்தில் ஒரு குறுகிய தொட்டி கட்டி, அடியில் ஜல்லி, மேலே மணல் போட்டு, கல்வாழை நடுங்கள். ஒரு முனையில் தண்ணீர் நுழைந்து மறுமுனையில் தெளிந்து வரும். அதை வாழைக்கும் பப்பாளிக்கும் விடலாம். கீரைக்கும் கிழங்குக்கும் வேண்டாம்.

"எங்களுக்கு மொட்டை மாடிதான் இருக்கு. ஒரு அடி மண் பரப்பி முழுத் தோட்டமா ஆக்கிடலாமா?"

கையெடுத்துக் கும்பிடுகிறேன், இன்ஜினியரைக் கேட்காமல் செய்யாதீர்கள். ஆள் நடமாடும் மாடிக்கு நம் நாட்டு விதிப்படி கணக்கில் எடுக்கும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ, அதாவது சதுர அடிக்கு 14 கிலோ. ஒரு அடி ஆழ ஈர மண் சதுர அடிக்கு 45 முதல் 50 கிலோ வரும். மூன்று மடங்கு!

பாத்திகளைச் சுவருக்கும் பீமுக்கும் நேர்மேலே, விளிம்போரமாக வையுங்கள். தென்னைநார்த் தூளும் கம்போஸ்டும் கலந்த லேசான கலவை போடுங்கள். மண்கல், கருங்கல், ஓடு பற்றி மேலே சொன்னதெல்லாம் தரைக்குத்தான். மாடிக்குப் பதப்படுத்திய மூங்கிலே சிறந்தது. தளத்தில் துளையிடாமல், கனமான தொட்டிகளுக்குள் காலை நிறுத்திக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள். காற்று மாடியில் இன்னும் வேகம்.

"வாடகை வீடு. ஓனர் ஒரு ஆணி அடிக்க விடமாட்டார்."

கலவை இல்லாமல் அடுக்கிய கல், கயிற்றில் கட்டிய பந்தல், டிரம். மூன்றையும் வீடு மாறும்போது கூடவே எடுத்துப் போகலாம். ஒரு தங்கை ராமமூர்த்தி நகரிலிருந்து ஹொரமாவு போனபோது பந்தலைச் சின்ன டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

"இலை குப்பைக்குத் தனியா ஏதாவது கட்டணுமா?"

கோழிவலையை மூன்றடி வட்டமாக வளைத்து நிறுத்துங்கள், அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். உள்ளே இலை, இடையிடையே கொஞ்சம் சாணித் தண்ணீர். சமையலறைக் கழிவைச் சேர்ப்பதற்கு முன், ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் இருக்கும் ஸ்வச்ச கிரஹ கலிகா கேந்திரா என்ற கம்போஸ்ட் கற்றல் மையத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். பலவகைத் தொட்டிகளை அங்கே வரிசையாக வைத்திருக்கிறார்கள்.

"கொட்டகை வர்ற இடத்துல ஒரு புங்கமரம் நிக்குது. நம்ம மனைதானே, வெட்டிடலாமா?"

நம் மனையே ஆனாலும் அனுமதி வேண்டும். கர்நாடகத்தில் 1976ஆம் வருட மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டத்தை விடுங்கள், அந்தப் புங்கை தரும் நிழலை எந்தக் கொட்டகை தரும்? மரத்தடியில் ஒரு கல் திண்ணை போடுங்கள், வேரை வெட்டாமல், அடிமரத்திலிருந்து நான்கடி தள்ளி. கொட்டகையைச் சின்னதாக்கி வேறு மூலைக்குக் கொண்டுபோங்கள்.

"வீட்ல ஏற்கெனவே இரும்புப் பைப் பந்தல் இருக்கு. இயற்கையா இருக்கட்டும்னு அதைப் பிரிச்சுட்டு மூங்கில் போடலாம்னு இருக்கேன். சரிதானே?"

பிரிக்காதீர்கள். முதல் கேள்வியில் சொன்ன கணக்குதான். அந்த இரும்பை உருக்கி உருட்டி எடுக்கச் செலவான நிலக்கரி செலவானதுதான், பிரித்துப் போட்டால் திரும்பி வராது. துருவைச் சுரண்டி பெயிண்ட் அடித்தால் இன்னும் பல வருடம் நிற்கும்.

வெயிலில் இரும்பு சுட்டுக் கொடியின் இளந்தளிர் கருகுகிறது என்றால், பைப்பைச் சுற்றித் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிவிடுங்கள். கொடிக்கும் பற்றிக்கொள்ளச் சொரசொரப்பு கிடைக்கும். எங்கள் தெருவில் ஒருவர் போன ஆடியில் இப்படிச் சுற்றினார். இப்போது அந்தப் பைப் கண்ணுக்கே தெரியவில்லை, முழுக்கப் புடலை.